தேடினால் முதலில் வருவது எங்கள் வீடு

1

அன்று வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமாவின் அண்ணன். துண்டைத் தலையில் போட்டிருந்தார்.

அவர் வீட்டம்மா. அக்காவை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் மகன் சதீஷ். பெங்களூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை என்று ஊருக்கு வந்திருந்தான்.

சதீஷின் கூட்டாளிகள் மூன்று பேர். ஆளுக்கு ஒரு போன்.

ஊர்ப் பெரியவர்கள். புளியமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில்.

மேளக்காரர்கள்.

மாமா. பெஞ்சின் மேல்.

நான் இல்லை. நான் மஸ்கட்டில் இருந்தேன்.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் வீட்டுக்காரரை. பெயர் சின்னராஜ். ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டி கூப்பிடுவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் செத்தால், எடுப்பதற்கு முன்னால், பொண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி போட வேண்டும். கோடி என்றால் புதுச்சேலை. கூடப் பிறந்தவன் கொண்டுவந்து அவள் தோளில் போடுவான். இனிமேலும் உனக்குப் போக ஒரு வீடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதை வாயால் யாரும் சொல்வதில்லை. சேலையைப் போட்டால் போதும்.

அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். அப்பா அம்மா இல்லை. அக்கா சொன்னதாகச் சதீஷ் எனக்குச் சொன்னது இதுதான்:

"எந் தம்பி வரட்டும். அவன் வராம எடுக்கக் கூடாது."

சித்திரை மாத வெயில். நான் போய்ச் சேர மறுநாள் ஆகும். அதுவரை வைத்திருக்க ஐஸ் பெட்டி வேண்டும்.

மாமாவின் தொழிலே ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுவது.

2

இன்றோடு வருஷம் திரும்புகிறது. ஊரில் சாமி கும்பிடுவார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. போன வருஷமே எடுத்துவிட்டாயே என்றார் மேனேஜர். அவர் சொல்வதும் சரிதான்.

நான் இங்கே சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, துண்டு, வீடுகளின் உருப்படி. காலையில் அழுக்கு எடுக்க வேண்டும். மாலையில் வெளுத்ததைக் கொடுக்க வேண்டும். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மனைவி செல்வி ஒரு பள்ளிக்கூடத்து சமையலறையில் இருக்கிறாள். மகன் கார்த்தி இங்கேயே வளர்ந்தவன்.

இங்கே யாரும் விலாசம் சொல்வதில்லை. லொகேஷன் அனுப்புவார்கள். போனில் ஒரு சிவப்புப் புள்ளி வரும். அதை அமுக்கினால் வரைபடம் திறக்கும். அது போகச் சொன்ன வழியில் போவேன். முதல் வருஷம் எல்லாம் அரபியில் வழி கேட்டுத் திணறினேன். 'இடது' என்ற சொல் தெரியாமல் ஒரு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். புள்ளி வந்த பிறகு பேச்சே தேவையில்லை. சில நாள் வண்டியில் ஏறி இறங்கும் வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். வரைபடம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். படிக்க வேண்டியதில்லை. பார்த்தால் போதும்.

இதைக் கார்த்தியிடம் நான் சொல்லியிருக்கிறேன். அப்போது அவன் வேலையே போனில் திறக்கும் இணையப் பக்கங்கள் செய்வதுதான். கடைகளுக்கு, ஆஸ்பத்திரிகளுக்கு. யாராவது போனில் தேடினால் அந்தப் பக்கம் முதலில் வர வேண்டும். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

அவனுக்குத் தமிழ் பேச வரும். படிக்கத் தட்டித் தடவிப் படிப்பான். எழுதுவது மெஷினை வைத்து. ஊருக்குப் போனால் இரண்டாம் நாளே திரும்ப டிக்கெட் எப்போது என்பான். ஆனால் மாமா என்றால் அவனுக்கு உயிர். சின்ன வயதில் அவனை ஐஸ் பெட்டி ஏற்றும் குட்டியானை வண்டியில் முன்னால் உட்கார வைத்து மாமா சித்தேரி மலை வரைக்கும் கூட்டிப்போயிருக்கிறார். காலிப் பெட்டியோடுதான். செல்விக்குத் தெரிந்தபோது வீட்டில் சண்டை.

3

மாமாவிடம் இருந்தது இரண்டு பெட்டி, ஒரு வண்டி. வண்டி ஓட்டக் கோவிந்தன் என்று ஒருவர். பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, அரூர் வரைக்கும்தான் அவர் எல்லை. சித்தேரிக்கு எப்போதாவது. மலையில் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். மகன் திருப்பூரிலோ கேரளாவிலோ வேலையில் இருந்தால் மட்டும் பெட்டி கேட்பார்கள். பெட்டி வைப்பதே வெளியூர்க்காரன் வரட்டும் என்றுதான். எங்களைப் போன்றவர்களால்தான் மாமாவுக்குத் தொழில்.

அவருக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் 'வருகிறேன்' என்று சொல்ல மாட்டோம். அது எல்லோருக்கும் உள்ளது. மாமா பெட்டியைத் திரும்ப எடுக்கப் போகும்போதும் வாய் திறக்க மாட்டார். கையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். பெட்டியை நேராக வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். வழியில் ஒரு போர்வெல் தண்ணீரில் மஞ்சள் கரைத்துக் கழுவிவிட்டுத்தான் கொண்டுவருவார்.

போன் எப்போதும் சட்டைப் பையில், சத்தம் இல்லாமல் இருக்கும். அதிர்வு மட்டும். "நாம போறது எழவு வூட்டுக்கு. அங்க போயி நம்ம போன் பாட்டு பாடக் கூடாது," என்பார். கோவிந்தனின் போனில் ஒருமுறை குத்துப்பாட்டு அடித்துவிட்டது. அன்று முதல் அவருக்கும் அதுதான் சட்டம்.

அரூரில் பாஷா பாய் இருந்தார். பந்தல், சேர், ஐஸ் பெட்டி எல்லாம் வைத்திருந்தார். மாமாவின் பெட்டி வெளியே போயிருக்கும்போது அழைப்பு வந்தால் பாஷா பாய்க்கு அனுப்புவார். அவரிடம் இல்லையென்றால் மாமாவுக்கு வரும். இருவரும் பார்த்துக்கொண்டால் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும். "என்ன பாய், பொட்டி ஓடுதா?" "ஓடுனா நல்லதுன்னா சொல்வீங்க?" அதற்கு மேல் டீ.

பெட்டி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் எழுதி வைக்க வேண்டியிருந்ததில்லை. பூக்கடையில் கேட்டால் சொல்வார்கள். மேளக்காரரிடம் சொன்னால் அவரே போன் போடுவார். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

4

பக்கம் போட்டுத் தருகிறேன் என்று கார்த்திதான் சொன்னான். மாமாவும் சரி என்றார். இப்போதெல்லாம் சாவு வீட்டில் போன் பிடிப்பது வெளியூரிலிருந்து வந்த பையன்கள். அவர்களுக்குப் பூக்கடைக்காரரைத் தெரியாது.

முதலில் அவன் செய்தது நன்றாக இருந்தது. எனக்கே காட்டினான். திறந்தவுடன் வரைபடம். நீ இருக்கும் இடம் நீலப் புள்ளி. பெட்டி இருக்கும் இடம் பச்சை. வெளியே போயிருந்தால் சிவப்பு. கீழே போன் பட்டன். வேறு ஒன்றும் இல்லை. மாமா பெட்டியை ஏற்றும்போது தன் போனில் ஒரு தட்டுத் தட்டுவார், அது சிவப்பாகும். கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டு இன்னொரு தட்டு, பச்சை. நான் இங்கே சிக்னலில் நிற்கும்போது திறந்து பார்ப்பேன். சிவப்பாக இருந்தால் மாமா யார் வீட்டிலோ நிற்கிறார் என்று தெரியும். போன் பேசாமலே ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

ஆனால் தேடினால் அந்தப் பக்கம் வரவில்லை. எங்கேயோ அடியில் கிடந்தது. சேலத்துக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் மேலே இருந்தார்கள். மாதம் இரண்டு பேர் பார்த்தால் அதிகம். அதில் ஒருவன் நான்.

ஏன் என்று கேட்டேன். கார்த்தி சொன்னான்: "அப்பா, தேடித் தர்ற மெஷின் மேப்பைப் பார்க்காது. எழுத்துதான் படிக்கும். மேப் மட்டும் இருந்தா அதுக்கு வெறும் பேப்பர்."

மனிதன் பார்ப்பான், படிக்க மாட்டான். மெஷின் படிக்கும், பார்க்காது. இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் திருப்தி செய்ய வேண்டும். அதுதான் தன் வேலையில் கஷ்டம் என்றான். எனக்குப் புரிந்தது. மனிதனிடம் போவதற்கே மெஷின் வழி விட்டால்தான் உண்டு.

ஆகவே எழுத்து வைத்தான். வரைபடம் கீழே போனது. மேலே ஒரு நீளக் கட்டுரை. 'தருமபுரி மாவட்டத்தில் ஐஸ் பெட்டி தேடுகிறீர்களா? ஐஸ் பெட்டி என்றால் என்ன? அதன் நன்மைகள் யாவை?' மெஷின் எழுதிக் கொடுத்த தமிழ். அதில் 'தரமான பிணப்பெட்டி' என்று வேறு இருந்தது. கடைசி வரி 'நன்றி, மீண்டும் வருக.'

மாமா அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"மாப்ள, ஐஸ் பொட்டிக்காரன் மறுபடியும் வாங்கன்னு சொன்னா செருப்பு பிஞ்சிரும். அத மட்டும் எடுக்கச் சொல்லு. அப்பறம், அப்பன் செத்துக் கெடக்கறப்ப ஐஸ் பொட்டின்னா என்னான்னு எவன் படிச்சிக்கிட்டு இருப்பான்?"

கார்த்தியிடம் சொன்னேன். கடைசி வரியை எடுத்தான். பிணப்பெட்டியையும் எடுத்தான். கட்டுரையை எடுக்கவில்லை. அது மனிதருக்கு இல்லை மெஷினுக்கு, கீழே தள்ளிக்கொண்டு போனால் மேப் வரும் என்றான்.

அதுவும் போதவில்லை. அடுத்து ஊருக்கு ஒரு பக்கம் போட்டான். ஏரியூர் ஐஸ் பெட்டி சேவை. மாரண்டஹள்ளி ஐஸ் பெட்டி சேவை. அரூர், பென்னாகரம், பாலக்கோடு. ஊர்ப் பெயர்தான் வேறு. உள்ளே அதே எழுத்து, அதே பெட்டி. எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று கணக்குப் பார்க்க ஊருக்கு ஒரு நம்பர் வாங்கினான். எந்த நம்பரை அடித்தாலும் மாமாவின் சட்டைப் பைக்கு வந்துவிடும்.

இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் என்றான். இருக்கலாம்.

5

முதலிடம் வந்தது. மாமாவே தேடிப் பார்த்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார். அக்காவுக்கும் காட்டியிருக்கிறார். எதற்கும் வாய் திறந்து பாராட்டாத மனிதர், "நம்ம பையன் மேல கொண்டாந்துட்டான் மாப்ள," என்றார்.

அழைப்பு வரத் தொடங்கியது. ஏரியூரிலிருந்து வந்தது. மாரண்டஹள்ளியிலிருந்து வந்தது. இரண்டும் மாவட்டத்தின் அந்தக் கோடி. எங்கள் ஊரிலிருந்து போக அரை நாள் போய்விடும். முடியாது என்றால், பக்கத்திலே ஏரியூர் என்று போட்டிருக்கிறதே என்று திட்டுவார்கள். சாவு வீட்டுக்காரன் திட்டினால் பதில் பேச முடியுமா? மாமா போவார். கோவிந்தன் முணுமுணுப்பார். "நாம போயி சேர்றதுக்குள்ள அவங்க கருமாதியே முடிச்சிருவாங்க," என்பாராம்.

மலையில் வேறு சங்கடம். சித்தேரியில் சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்று உண்டு. அதன் மேல் ஏறித்தான் பேச வேண்டும். அங்கே எங்கள் பக்கம் திறக்காது. அத்தனை எழுத்து, அத்தனை படம். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவர் பார்த்துப் பார்த்து அலுத்து, டூவீலரில் இறங்கி நேராக மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்க பேஜ் தொறக்கறதுக்குள்ள எங்கூர்ல குழியே வெட்டிட்டாங்க," என்றார். அந்தத் துக்கத்திலும் மாமா சிரித்துவிட்டாராம்.

இதைக் கார்த்தியிடம் சொன்னேன். பக்கம் மெதுவாகத் திறந்தால் மெஷினும் மார்க் குறைக்குமாம். அதனால் அதையும் சரி செய்தான். உண்மையான வரைபடத்தைத் தூக்கிவிட்டு அதைப் படம் எடுத்து ஒட்டினான். படம் என்றால் சட்டென்று வந்துவிடும். தொட்டால்தான் உயிருள்ள வரைபடம் வரும். ஆனால் துக்கத்தில் இருப்பவன் எங்கே தொடுவான்? பச்சை தெரிகிறதா, பட்டனை அமுக்குவான்.

அந்தப் படத்தை எடுத்த அன்று இரண்டு பெட்டியும் வீட்டில் இருந்தன. அதனால் படத்தில் எங்கள் வீடு பச்சை. பெட்டி போனாலும் பச்சை. வந்தாலும் பச்சை.

நானும் சிக்னலில் நின்று பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கார்த்தி ஒன்றும் தெரியாதவன் இல்லை. நடுவழி ஒன்று செய்து பார்த்தான். வரைபடம் மேலே, உயிரோடு, சின்னதாக. கீழே ஐந்தே வரி எழுத்து. மாமா போகக்கூடிய ஊர்கள் மட்டும். ஏரியூரும் மாரண்டஹள்ளியும் கிடையாது. மலையிலும் திறந்தது. இதுதான் சரி என்று அவனே சொன்னான். அன்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

ஒரு வாரத்தில் ஆறாவது இடத்துக்குப் போய்விட்டது. அழைப்பு நின்றது. பூக்கடையிலிருந்தும் முன்போல வரவில்லை. நடுவில் ஒரு வருஷம் எல்லோரும் போனுக்குப் பழகிவிட்டார்கள். கோவிந்தனுக்கு வேலை இல்லை. மாமா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, முன்ன இருந்தாப்லயே இருக்கட்டும். மேலயே இருக்கட்டும்."

நான் சொன்னேன். கார்த்தி மாற்றினான். அப்புறம் யாரும் அதைப் பேசவில்லை.

பாஷா பாய் மாமாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அரூர் என்று போட்டுத் தேடினாலும் எங்கள் பக்கம்தான் முதலில் வந்தது. அவர் கடை மூன்று திரை தள்ளிக் கிடந்தது. சண்டை போடவில்லை. டீக்கு நிற்காமல் போய்விடுவார், அவ்வளவுதான்.

6

அன்று இரண்டு பெட்டியும் வெளியே. ஒன்று ஏரியூரில். கோவிந்தன் அங்கேதான் இருந்தார். இன்னொன்று மாரண்டஹள்ளியில். இரண்டிலும் ஆள் இருந்தார்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது எடுத்துக்கொண்டு வர முடியாது.

செய்தி வந்தபோது நான் ஒரு ஓட்டல் பின்வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்குப் போனேன். பாஸ்போர்ட் முதலாளியின் ஆளிடம் இருந்தது. அவர் சாப்பிடப் போயிருந்தார். வந்து கேட்டார், இறந்தது அப்பாவா அம்மாவா. அக்காவின் புருஷன் என்றேன். அவர் லீவு பாரத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அண்ணன் என்று போட்டுக்கொள் என்றார். போட்டேன். பாஸ்போர்ட் வந்தது.

பக்கத்துத் துணிக்கடையில் கோடிச் சேலை எடுத்தேன். அந்தப் பெண் மலையாளி. என்ன விசேஷம் அண்ணா என்றாள். என்ன சொல்வது? அக்காவுக்கு என்றேன். பளபளப்புக் காகிதத்தில் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

இடையில் சதீஷுக்குப் போன் செய்தேன். பெட்டி வந்ததா என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் மாமா நாங்க நாலு பேரும் போட்டுக்கிட்டே இருக்கோம். ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கறான். எல்லாக் கடையும் பச்சையாத்தான் காட்டுது."

அவன் மாமாவின் தொழிலைத் தெரிந்தவன். பக்கத்தைத் தெரியாதவன். மாமா பெட்டி வெளியே என்று கோவிந்தன் சொன்னதும் வேறு கடைகளைத் தேடியிருக்கிறான். மேலே வந்த முதல் கடை, இரண்டாவது கடை, மூன்றாவது கடை என்று அமுக்கியிருக்கிறான். கூட்டாளிகளும் அப்படியே. பச்சையைப் பார்த்தார்களே தவிர, படத்தில் அது எந்த இடம் என்று பார்க்கவில்லை. மணி போகிறது. யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்திருக்கிறார்கள்.

அக்காவின் மகள் கவிதா ஓசூரிலிருந்து வந்துசேர மதியம் தாண்டிவிட்டது. அவளுக்குத்தான் பாஷா பாய் ஞாபகம் வந்தது. நம்பர் அப்பாவின் போனில் இருக்கும், போன் எங்கே என்று தேட அவளுக்கு நேரமில்லை. வீட்டுக்காரரைக் காரில் நேராக அரூருக்கு அனுப்பினாள்.

கார்த்தி என்னை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனான்.  நானாகத்தான் சொன்னேன், பெட்டி கிடைக்கவில்லையாம், எல்லாக் கடையும் பச்சையாகக் காட்டுகிறதாம், யாரும் எடுப்பதில்லையாம்.

கார்த்தி கேட்டான், எந்தக் கடை என்று சொன்னார்களா?

சதீஷ் சொன்ன பெயர்களைச் சொன்னேன். ஏரியூர். மாரண்டஹள்ளி. அரூர். பாலக்கோடு.

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அங்கே நிறுத்தக் கூடாது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அப்பா," என்றான். "அது எல்லாம் நம்ம நம்பர்."

எனக்குப் புரியவில்லை. அவனுக்குத் தமிழில் சொல்ல வரவில்லை. இங்கிலீஷில் ஏதோ சொன்னான். பிறகு மறுபடியும், "நம்ம நம்பர்ப்பா. மாமாவுக்குத்தான் போகும்."

மாமாவைக் குளிப்பாட்டும்போது கழற்றிய சட்டையை உள்ளே ஆணியில் மாட்டியிருந்தார்கள். போன் அதன் பையில் இருந்தது. சத்தம் இல்லாமல்.

நான் சதீஷைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் எடுக்கவில்லை. பிறகு எடுத்தான். மேளச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். வெயில். மூக்கிலிருந்து நீர் வடிந்து பார்க்க முடியவில்லையாம். சதீஷ் அழுதான்.

"எடுத்துட்டோம் மாமா."

கோடி யார் போட்டார்கள் என்று கேட்டேன். சதீஷின் அம்மா தன்னிடம் இருந்த புதுச்சேலையைக் கொண்டுவந்து, உன் தம்பி போட்டதாக நினைத்துக்கொள் என்று தோளில் போட்டாராம். அக்கா அதை எடுத்து மடித்து, பக்கத்தில் வைத்துவிட்டாளாம்.

பாடை தெருமுனை திரும்பும்போது பாஷா பாயின் வண்டி எதிரே வந்தது. மேலே பெட்டி. கவிதாவின் வீட்டுக்காரர் போனபோது பாய் கடை வாசலில் சும்மாதான் உட்கார்ந்திருந்தாராம். யாருக்கு என்று கேட்டாராம். சின்னராஜுக்கு என்றதும் வேறு பேச்சில்லை, ஆளைக்கூடக் கூப்பிடாமல் தானே ஏற்றினாராம். இப்போது வண்டியை ஓரம் கட்டி இறங்கி நின்றார். பாடை போகும் வரை நின்றார். பிறகு காலிப் பெட்டியோடு கூடவே இடுகாடு வரை வந்தார்.

7

மறுநாள் காலை பெங்களூரில் இறங்கி, ஓசூர் வழியாகப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மாமாவைப் படத்தில்தான் பார்த்தேன். மாலை போட்டிருந்தது.

அக்காவிடம் சேலையைக் கொடுத்தேன். ரிப்பனைக் கழற்ற மறந்துவிட்டேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்ததுக்கு அப்பறம் போடறது கோடி இல்ல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. ரிப்பனோடு அப்படியே இருக்கிறது என்று கவிதா சொன்னாள். என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். வரவில்லை. விசாவுக்கு அக்கா என்ற கட்டமும் இல்லை.

கார்த்தி அந்த வாரமே எல்லாப் பக்கத்தையும் எடுத்துவிட்டான். எடுத்தும் பயனில்லை. இணையத்தில் கடைப் பட்டியல் போடுகிற வேறு யாரோ எங்கள் பக்கத்தை முன்பே காப்பி எடுத்து வைத்திருக்கிறார்கள். படத்தோடு. அதை எடுக்கச் சொல்லி எழுதினான். உரிமையாளர்தான் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. உரிமையாளர் இறந்துவிட்டார் என்று எழுதினான். உரிமையாளர்தான் கேட்க வேண்டும் என்று அதே பதில் வந்தது. மனிதன் எழுதுகிற பதில் இல்லை அது.

இப்போது தேடினாலும் முதலில் வருவது எங்கள் வீடுதான். வீட்டின் மேல் பச்சை. பெட்டிகளைக் கோவிந்தன் வாங்கிக்கொண்டு பொம்மிடிக்குப் போய்விட்டார். வீட்டில் அக்கா மட்டும். அழுத கண்ணோடு யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அக்கா வெளியே வந்து, பாஷா பாய்க்குப் போன் போட்டுக் கொடுப்பாள். வந்தவர் சில நேரம் திட்டிவிட்டுப் போவார்.

கார்த்தி அந்த வேலையை விட்டுவிட்டான். வேறு நாட்டில் வேறு வேலை. என்ன வேலை என்று கேட்டேன், சொன்னான், எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வான். சாப்பிட்டாயா என்பேன். சாப்பிட்டேன் என்பான். மாமா பேச்சை நானும் எடுப்பதில்லை, அவனும் எடுப்பதில்லை. செல்வி போனைப் பிடுங்கி ஏதாவது பேசுவாள்.

இன்று காலை அவனே கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை இல்லை. நாள் ஞாபகம் இருந்திருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.  வைத்துவிட்டான்.

போன வருஷம் நான் ஊரிலிருந்து திரும்பிய அன்று அக்கா உள்ளே போய் ஆணியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து வந்தாள். யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். உன் மாமனுடையது, நீ வைத்துக்கொள் என்றாள்.

சார்ஜ் இறங்கியிருந்தது. பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரரிடம் கேட்டுச் செருகினேன். திரை வெளிச்சமானது. திறக்க எனக்குத் தெரியாது. திறக்க வேண்டியிருக்கவில்லை. பூட்டிய திரையின் மேலேயே இருந்தது.

மிஸ்டு கால்: 31.